எறும்பு போகும் இடம்

முட்டில் கையூன்றாமல் தரையிலிருந்து எழ முடியாத என் வயதுக்காரர்களே, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். இளையவர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள். போன மாதம் என் மகள் எனக்கு ஒரு வகுப்பு ஏற்பாடு செய்தாள். செல்போனில் ஒரு பெண் வருவாள். மெல்ல அசைவது எப்படி, உடம்பைக் கவனிப்பது எப்படி என்று எனக்கு மட்டும் தனியாகச் சொல்லித் தருவாள். இடுப்புப் பிடிப்புக்கு நல்லதாம். முதல் நாளே அவள், தரையில் மல்லாந்து படுத்துக் கண்ணை மூடுங்கள் ஆன்ட்டி, முதுகு எங்கெல்லாம் தரையைத் தொடுகிறது என்று பாருங்கள் என்றாள். நான் போனை அணைத்துவிட்டேன். கரண்ட் போய்விட்டது என்று மகளிடம் பொய்யும் சொன்னேன். தரையில் படுக்கப் பயமாக இருக்கிறது என்று அறுபத்தேழு வயதுக்காரி எப்படிச் சொல்வது?

அந்தப் பயம் என் ஒன்பதாவது வயதில் வந்தது. அதற்குக் காரணம் இரண்டு பேர். ஒருவர் அம்மா, இன்னொருவர் செத்துப்போன மாமா.

மாமா என்றால் அப்பாவின் அக்காவுடைய கணவர். அந்த வருடம் பொங்கல் கழிந்ததும் நோயோடு எங்கள் வீட்டுக்கு வந்தார், பத்து நாளில் எங்கள் வீட்டுக் கூடத்திலேயே போனார். வெறுந்தரையில் வாழையிலை போட்டு, மேலே வெள்ளைத்துணி விரித்து, தெற்கே தலைவைத்துக் கிடத்தினார்கள். தலைமாட்டில் விளக்கு. கால் பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்து ஒரு வெள்ளைத் துணிக்கிழிசலால் கட்டினார்கள். பிள்ளைகளைத் தள்ளி உட்காரச் சொன்னதால் எனக்குக் கிடைத்தது கால்மாடுதான். மாமாவின் முகம் எனக்கு நினைவில்லை. அந்த விரல்கள் நினைவிருக்கின்றன. கட்டு இறுகி, நகம் இரண்டும் நீலமாக இருந்தன. அத்தை அதன்பிறகு எங்களோடேயே தங்கிவிட்டார்.

மார்ச் மாதம் அம்மா விழுந்தாள். கிணற்றடிப் படியில் பாசி. வலது தோள் தரையில் அடித்தது. எலும்பு முறியவில்லை என்று சொல்லி வைத்தியர் எண்ணெய்த் துணி சுற்றி ஒரு மாதம் கட்டிவைத்தார். கட்டைப் பிரித்தபோது கை மார்புக்கு மேலே வரவில்லை. நெய்யாற்றின்கரையில் ஒரு டாக்டர் கையைப் பிடித்து ஒரே இழுப்பாக மேலே தூக்கினார். அம்மா அங்கேயே மயங்கி விழுந்தாள். அதற்குப் பிறகு யார் அந்தக் கையின் பக்கம் வந்தாலும் அம்மாவின் உதடு வெளுத்துவிடும். சோறு பிசையலாம், காகிதத்தில் எழுதலாம், அவ்வளவுதான். தலைவாரிக் கொண்டைபோட்டது அத்தை.

அம்மா டீச்சர். குளத்தூர் போகிற வழியில் இருந்த பள்ளிக்கூடத்தில் தமிழ் வகுப்பு அவளுடையது. ஜூனில் இடவப்பாதி மழையோடு பள்ளி திறக்கும். போர்டில் எழுத முடியாதென்றால் இப்போதே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிடுங்கள், வேறு ஆளைப் பார்க்கவேண்டும் என்று ஹெட்மாஸ்டர் சொல்லி அனுப்பியிருந்தார். அப்பா திருவனந்தபுரத்தில் ஓர் ஆபீசில் கிளார்க், சனிக்கிழமை மட்டும் வருவார். அவருக்கு இதில் ஒரு அபிப்பிராயமும் இல்லை. அத்தைக்கு இருந்தது. கை போனாலும் ஆள் இருக்கிறாளே, வீட்டில் இருக்கட்டும் என்பார். ஆனால் அடுக்களைச் சுவரில் கரித்துண்டால் இடுப்பு உயரத்தில் அம்மா எழுதிப் பார்த்து அழிப்பதை நான் கண்டிருக்கிறேன்.

அந்தக் கோடையில்தான், ஜெர்மனியில் வேலை பார்த்ததால் ஊரில் எல்லாரும் ஜெர்மன் நர்ஸ் என்று சொல்கிற பெண் ஊருக்கு வந்தாள். கால்வாய்க்கரையில் அரைமைல் தள்ளி அவள் வீடு. படுக்கையில் கிடந்த தகப்பனைப் பார்க்க மூன்று மாத லீவில் வந்திருந்தாள். ஜெர்மனி ஆஸ்பத்திரியில் ஒரு கிழவியம்மாவிடம், மெல்ல அசைந்தே பிடிப்பை விடுவிக்கிற இந்த வித்தையை அவள் படித்தாளாம். பள்ளிக்கூடத்தில் அவளும் அம்மாவும் ஒரே பெஞ்சு. ஒருநாள் வழியில் கண்டவள், கையைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், புதனும் சனியும் மத்தியானம் வா என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

அத்தை ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார். நான் கூடப் போகவேண்டும்.

"என்ன செய்யுதா, என்ன சொல்லுதாண்ணு ஒண்ணு விடாம எனக்கிட்ட வந்து சொல்லணும், கேட்டியா?" என்றார்.

நான் தலையாட்டினேன். எனக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. முதல் புதன்கிழமை மூன்று மணியோடு அந்தப் பெருமை தீர்ந்தது.

அந்த வீட்டில் எல்லாமே வேறு மணம். மொசைக் தரைக்கு ஒரு மணம், பிஸ்கட் டின்னுக்கு ஒரு மணம், உள்ளறையிலிருந்து நோயாளியின் மணம். மடக்கி மூடினால் தோல் பெட்டியாகிவிடுகிற சின்ன அலாரம் கடிகாரம் ஒன்று ஜன்னலில் இருந்தது. நான் வாசலருகே ஸ்டூலில் உட்கார்ந்தேன். நர்ஸ் கட்டிலைச் சுவரோரம் தள்ளி, தரையில் ஒரு வெள்ளைத் துப்பட்டியை விரித்தாள். அம்மா அதில் மல்லாந்து படுத்தாள். அலமாரி இடித்ததால் தலை தெற்கே.

கட்டிலில் தெற்கே தலைவைத்து ஊரே உறங்குகிறது, அதில் ஒன்றுமில்லை. வெறுந்தரையில், வெள்ளைத்துணியில், பட்டப்பகலில் மல்லாந்து கிடப்பது வேறு. அது எப்போது என்று எனக்குத் தெரியும்.

"பிள்ளே, பேடிக்காத. உனக்க கைய நான் தொடவே மாட்டேன்," என்று நர்ஸ் தொடங்கினாள். "கண்ணடைச்சுக் கெட. எடத்தே தோளுக்கும் தரைக்கும் எடையில எவ்வளவு இடம் உண்டு? எறும்பு போவுமா, பூனை போவுமா?"

"எறும்புதான் போவும்," என்றாள் அம்மா.

"வலத்தே பக்கம்?"

"பூனை குட்டியோட போவும்," என்றாள் அம்மா. இருவரும் சிரித்தார்கள். விழுந்ததற்குப் பிறகு அம்மா சிரித்து நான் கேட்டது அன்றுதான். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு, முகம் மேலே பார்க்க அவள் சிரித்தது எனக்குப் பிடிக்கவில்லை.

பாடம் என்று பெரிதாக ஒன்றும் நடக்காது. தலையை ஒரு பக்கம் பைய உருட்டவேண்டும். நோவு வருவதற்கு முன்னாலேயே நிறுத்தவேண்டும். அதில் பாதி உருட்டவேண்டும், அதிலும் பாதி. கடைசியில் நர்ஸ், "அனக்காண்டாம். அனக்கப் போறேண்ணு நெனச்சாப் போரும்," என்பாள். அசைக்கவே வேண்டாமாம், அசைக்கப்போவதாக நினைத்தால் போதுமாம். பிறகு வெகுநேரம் ஒரு சத்தமும் இருக்காது, கடிகாரத்தைத் தவிர. அம்மா அசையாமல் கிடப்பாள். மூச்சு மிக மெலிதாகிவிடும். நான் அவளுடைய புடவைத் தலைப்பையே பார்த்துக்கொண்டிருப்பேன். அது ஏறினால் நான் மூச்சு விடுவேன். அது இறங்கி மறுபடி ஏறும்வரை எனக்கும் மூச்சு இல்லை. வீட்டுக்கு வரும்போது நான் களைத்திருப்பேன், அம்மா தெளிவாக இருப்பாள்.

அத்தை கேட்டால், தலையை உருட்டினார்கள் என்று மட்டும் சொல்வேன். மற்றதை வாயால் சொல்லிவிட்டால் நிஜமாகிவிடும் என்று பயந்தேன்.

மூன்றாவது வாரத்தில் ஒருநாள் நர்ஸ் என்னிடம், "மக்கா, உனக்க ரிப்பனத் தா," என்றாள். அது பள்ளிக்கூடத்து வெள்ளை ரிப்பன். நானும் அவிழ்த்துக் கொடுத்தேன். அவள் குனிந்து அம்மாவின் கால் பெருவிரல்கள் இரண்டையும் அதனால் சேர்த்துக் கட்டினாள். ஒரு கால் அசைந்தால் மற்றது அறியவேண்டும், கால் அறிந்தால் இடுப்பு அறியும், இடுப்பு விட்டுக்கொடுத்தால்தான் தோளும் விடும் என்று அம்மாவுக்கு விளக்கிக்கொண்டே கட்டினாள். கட்டிவிட்டு நடுவில் தன் சுண்டுவிரலை நுழைத்துப் பார்த்தாள். இறுக்கக்கூடாதாம், எறும்பு போகும் இடம் வேண்டுமாம். நான் இதெல்லாம் கேட்டேன், ஆனால் ஒன்றும் உள்ளே போகவில்லை. மாமாவின் நீல நகங்கள்தான் கண்ணில் நின்றன. அதுவும் என் ரிப்பன். நானே கழற்றிக் கொடுத்த ரிப்பன்.

அடுத்த சனிக்கிழமை மூன்று மணிக்கே வானம் இருட்டிவிட்டது. கோடை மழைதான், ஆனால் இடி எங்கள் தலைக்கு மேலேயே விழுந்தது. கரண்ட் போயிற்று. அம்மா ஏற்கெனவே விரல்கட்டோடு, கண்மூடிக் கிடந்தாள். நர்ஸ் ஒரு மண்ணெண்ணெய் விளக்கைக் கொளுத்தி, அம்மாவின் கழுத்து தெரியவேண்டுமே என்று தலைமாட்டில் வைத்தாள். அப்போது உள்ளறையில் தகப்பன் இருமினார். இப்பம் வாறேன் என்று அவள் உள்ளே போய்விட்டாள்.

வெள்ளைத்துணி, விரல்கட்டு, தலைமாட்டு விளக்கு. ஒன்றும் பாக்கியில்லை.

நான் அம்மா என்று கூப்பிட்டேன். மழைச்சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. மறுபடி கூப்பிட்டேன். அவள் அசையவில்லை. புடவைத் தலைப்பு ஏறுகிறதா என்று பார்த்தேன், விளக்கு வெளிச்சம் ஆடியதில் எல்லாமே ஏறி இறங்கியது. கிட்டப்போய்த் தொட்டுப் பார்த்திருக்கலாம். தோழிகளே, தொட்டுப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அது குளிர்ந்திருந்தால் நான் என்ன செய்வேன்? நான் ஓடினேன். கால்வாய்க்கரைச் சேற்றில் செருப்பு ஒன்று போயிற்று. ஓடிவந்து அத்தையின் மடியில் விழுந்து, அம்மா செத்துப்போச்சு என்றேன்.

அத்தை நம்பினார். ஏன் நம்பினார் என்று வெகுநாள் ஆச்சரியப்பட்டிருக்கிறேன். நான்கு மாதத்துக்கு முன் அதே கூடத்தில் ஒரு சாவைக் கண்டவர், அடுத்தது வராது என்று எப்படி நினைப்பார்? துணியும் கட்டும் விளக்கும் உண்டா என்று கேட்டார். உண்டு என்றேன். அத்தை நெஞ்சிலடித்து அழத் தொடங்கினார். பக்கத்து வீடுகளிலிருந்து பெண்கள் வந்துவிட்டார்கள். ஒருவர் அம்மாவைத் தூக்கிவர ஆள் பிடிக்கப் போனார், மற்றொருவர் பின்பக்கம் போய் வாழையிலை வெட்டிக்கொண்டு வந்தார்.

அப்போது முற்றத்தில் அம்மா வந்தாள்.

என்னைக் காணாமல் பயந்து, கூப்பிட்டுக்கொண்டே மழையில் ஓடி வந்திருக்கிறாள். இடது கையில் புடவைக் கொசுவத்தை முழங்காலுக்குச் சுருட்டிப் பிடித்திருந்தாள். வலது கையில் நர்ஸ் வீட்டுக் கறுப்புக் குடை. குடைக்கம்பி முற்றத்துக் கூட்டத்தின் தலையில் இடிக்காமல் இருக்க, அந்தக் கையைத் தலைக்கு மேலே நன்றாக உயர்த்திப் பிடித்திருந்தாள். நான் அதைப் பார்த்தேன். நான் ஒருத்திதான் பார்த்தேன். மற்ற எல்லாருக்கும் பிணம் எழுந்து வந்த பதற்றம்.

அத்தையின் அழுகை கோபமாக மாறக் கொஞ்சநேரம் பிடித்தது. அம்மாவைப் படியேறவிடாமல் முற்றத்திலேயே நிறுத்தி, உப்பும் மிளகும் சுற்றி அடுப்பில் போட்டு, மழையிலேயே மேலும் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றிய பிறகுதான் உள்ளே விட்டார்.

"உயிரோட இருக்கியவளப் பொணமாட்டுக் கெடத்தி வச்சிருக்கா. இனி அந்த வீட்டுப் படி சவுட்டப்பிடாது, சொல்லியாச்சு," என்றார்.

ராத்திரி வண்டிக்கு வந்த அப்பாவும் அதையே சொன்னார். என்னை அவர் அடிக்கவில்லை. கண்ணால் காணாததை ஒருநாளும் சொல்லக்கூடாது என்று மட்டும் மெதுவாகச் சொன்னார். அடித்திருந்தால் தேவலை. நான் கண்ணால் கண்டதைத்தானே சொன்னேன்? கண்டதே பொய்யாகிவிட்டதென்றால் அந்தக் குடை? அதையும் சொல்லி, அதுவும் பொய்யாகி, அம்மாவுக்கு இன்னும் ஏதாவது வந்துவிட்டால்? நான் வாயை மூடிக்கொண்டேன். வெட்டிய வாழையிலையை யாரும் சோறு உண்ண எடுக்கவில்லை. அது கொல்லையில் கிடந்து பழுத்துச் சுருளும்வரை நான் அந்தப் பக்கம் போகவில்லை.

அம்மாவின் கை பழையபடி மார்போடு நின்றுவிட்டது. அது ஒருமுறை மேலே போய்வந்தது என்று அவளுக்கே தெரியாது. பள்ளி திறக்க எட்டு நாள் இருந்தபோது அவள் மேசையில் உட்கார்ந்து ராஜினாமாக் கடிதம் எழுதினாள். மைக்கூட்டை எடுத்து அதன்மேல் வைத்தாள். திங்களாழ்ச கொண்டு கொடுக்கணும் என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னாள். அந்தக் குரலைக் கேட்டபோது, பயத்தைவிடப் பெரிய பயம் ஒன்று உண்டு என்று எனக்குத் தெரிந்தது.

"அம்மா, அண்ணைக்கு மழையில நீ குடைய வலத்தே கையிலயாக்கும் பிடிச்சிருந்தே," என்றேன்.

அவள் திரும்பினாள். "எவ்வளவு பொக்கிப் பிடிச்சிருந்தேன்?"

நான் என் கையைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினேன். அம்மா தன் கையைத் தூக்கிப் பார்த்தாள். மார்புக்கு வந்ததும் உதடு வெளுத்தது, நின்றுவிட்டது. நான் பொய் சொன்னதாக நினைப்பாள் என்று அழத் தொடங்கினேன். அம்மா வெகுநேரம் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "உனக்க ரிப்பன் எங்க மக்கா?" என்று கேட்டாள்.

நெல் பத்தாயம் இருந்த அறையில், அத்தை உறங்குகிற மத்தியான நேரத்தில், கதவைச் சாத்திக்கொண்டோம். வெள்ளைத்துணி வேண்டாம் என்று நான் கெஞ்சியதால் அம்மா பச்சைக்கரைப் பாயை விரித்தாள். எனக்காகக் கிழக்கே தலைவைத்தாள். ஆனால் விரல்களை நான்தான் கட்டவேண்டும், அவளுக்குக் குனிந்து கட்ட வராது. பயத்தில் இறுக்கிவிட்டேன்.

"இறுக்காத மக்கா. எறும்பு போணும்," என்றாள் அம்மா.

அவள் கண்ணை மூடினாள். இனி நான் கேட்கவேண்டும். எறும்பா பூனையா என்று கேட்டேன். தலையைப் பைய உருட்டு, அதில் பாதி, நினைத்தால் போதும் என்று எனக்கு நினைவிருந்ததையெல்லாம் சொன்னேன். நான் உளவு பார்த்தது வீண்போகவில்லை, ஒரு சொல் விடாமல் நினைவிருந்தது. ஆனால் அவள் அசையாமல் கிடந்தபோது என்னால் பொறுக்க முடியவில்லை.

"அம்மா உண்டா?" என்று கேட்டேன்.

"உண்டு மக்கா," என்றாள் அம்மா, கண்ணைத் திறக்காமல்.

அந்த எட்டு நாளும் அப்படித்தான் போயிற்று. திங்கட்கிழமை வந்து போயிற்று, கடிதம் மைக்கூட்டின் அடியிலேயே கிடந்தது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நான் உண்டா என்று கேட்பேன், அவள் உண்டு என்பாள். ஜெர்மனிக் கிழவியின் வித்தையில் இது கிடையாது. ஒவ்வொரு நாளும் எனக்குப் பயம்தான். ஒருநாள்கூடப் பழகவில்லை. ஆனால் நான்காம் நாள் அவள் வலது தோளுக்கு அடியில் பூனை போகவில்லை, எலிதான் போயிற்று. ஏழாம் நாள், படுத்தபடியே, அவள் கை பாயைத் தடவிக்கொண்டு பைய மேலே போய்த் தலையருகே நின்றது. உதடு வெளுக்கவில்லை.

அத்தை அந்நேரமெல்லாம் உறங்கினார் என்றே ஐம்பது வருடம் நம்பியிருந்தேன். இப்போது அவர் வயது எனக்கு. இந்த வயதில் எந்தப் பெண் மே மாதப் புழுக்கத்தில் மத்தியானம் இரண்டு மணிநேரம் உறங்குகிறாள், சொல்லுங்கள்? அந்த எட்டு நாளில் ஒருநாள்கூட அவர் ஒருமுறை இருமவில்லை, தண்ணீர் கேட்டுக் கூப்பிடவில்லை.

பள்ளி திறந்த அன்று அம்மா தேதியைப் போர்டின் நடுவில் எழுதினாள். அவள் கை எட்டிய இடம் அதுதான். பின்பெஞ்சுக்காரர்கள் எழுந்து நின்று பார்த்து எழுதினார்கள். ஓணப் பரீட்சை வரும்போது அவள் எழுத்து போர்டின் மேல்விளிம்புக்கு ஏறியிருந்தது. ஓய்வு பெறும்வரை எழுதினாள். அந்த முதல் நாள் மாலை நாங்கள் கால்வாய்க்கரை வழியாகத்தான் திரும்பினோம். நர்ஸ் வீட்டு ஜன்னல் சாத்தியிருந்தது. லீவு முடிந்து அவள் போய் நான்கு நாளாகிவிட்டதாம். அவளிடம் நன்றி சொல்ல எங்கள் வீட்டிலிருந்து ஒருவரும் போகவில்லை. அவள் செய்ததற்கெல்லாம் கெட்ட பெயர்தான் மிச்சம், அதை வாங்கிக் கொடுத்தவள் நான்.

அம்மா போய்ப் பதினோரு வருடமாகிறது. அதே கூடம், அதே தெற்குத்திசை, தலைமாட்டில் விளக்கு. பெருவிரல் கட்ட ஒருவர் துணியைக் கிழித்துக்கொண்டு வந்தார். நான் கட்டுகிறேன் என்று வாங்கிக்கொண்டேன். உண்டா என்று கேட்க வாய்வரை வந்தது, கேட்கவில்லை. சுற்றி நின்றவர்கள் நன்றாக இறுக்கிக் கட்டச் சொன்னார்கள். கட்டிவிட்டு, நடுவில் என் சுண்டுவிரலை நுழைத்துப் பார்த்தேன். எறும்பு போகும் இடம் இருந்தது.